அக்காவின் கைக்கு ஒரு கிட்டார்

என் அக்காவுக்கு 49 வயது. ஐந்தடிக்கு அரை அங்குலம் குறைவு. சிங்கப்பூரின் யீஷூனில் நான்கறை வீடு, பாலர் பள்ளியில் வேலை, இரவு வேலை முடித்து வந்து பகலில் தூங்கும் அத்தான். சின்ன வயதில் இரண்டு வருடம் வீணை கற்றுக்கொண்டு, தொடக்கநிலை இறுதித் தேர்வு நெருங்கியதும் நிறுத்தியவள். சென்ற ஆண்டு மார்ச்சில் ஒரு நாள் போன் செய்து, “தம்பி, கிட்டார் கத்துக்கலாம்னு இருக்கேன். எல்லாத்துக்கும் சேர்த்து 400 வெள்ளி ஒதுக்கியிருக்கேன். சிரிக்காதடா,” என்றாள்.

நான் சிரிக்கவில்லை. இது அவளுடைய இரண்டாவது முயற்சி. முதல் முயற்சி கெட்டதில் எனக்கும் பங்கு உண்டு.

மூன்று வருடத்துக்கு முன் அவள் 120 வெள்ளிக்கு ஓர் அகூஸ்டிக் கிட்டார் வாங்கினாள். “முதலில் அகூஸ்டிக்கில் பழகு, விரல் உறுதிப்படும், அப்புறம் எலெக்ட்ரிக் தண்ணீர்பட்ட பாடு” என்று உபதேசம் செய்தது நான்தான். எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். நானும் அதையே ஒப்பித்தேன். மூன்றே வாரம். விரல் நுனிகள் சிவந்து, இடது மணிக்கட்டில் வலி வந்து, கிட்டார் அலமாரியின் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. “என் கை இதுக்கெல்லாம் ஆகாது” என்று அவளே தீர்ப்பும் எழுதிவிட்டாள்.

அந்த உபதேசம் எவ்வளவு தவறு என்று பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அகூஸ்டிக்கில் வழக்கமாகப் போடும் 12 எண் (எண் கூடினால் தடிமன் கூடும்) கம்பிகள் ஆறும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை சுமார் 70 கிலோ. எலெக்ட்ரிக்கில் 9 எண் கம்பிகள் போட்டால் 40 கிலோகூட வராது. வயது கூடிய, சின்னக் கை உள்ள ஒருவரை முதலில் 70 கிலோவோடு மல்லுக்கட்டவிட்டுப் பிறகு 40 கிலோவுக்கு அனுப்புவதில் என்ன நியாயம்? ஆகவே இந்தத் தடவை எலெக்ட்ரிக் என்பதில் பேச்சே இல்லை. எந்த அளவு கிட்டார் என்பதுதான் கேள்வி.

கையை அளந்தோம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போய், பள்ளிக்கூட அடிக்கோலை மேசையில் வைத்து இடது கையை அளந்தோம். வாசிக்கும் நிலையில் விரல்களை வளைத்து வைத்துக்கொண்டு, சுட்டுவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை: வலிக்காமல் 90 மி.மீ., பல்லைக் கடித்தால் 95. விரல்கள் குட்டை, ஆனால் மெலிந்த விரல்கள் என்று சொல்ல முடியாது. இந்த இரண்டாவது குறிப்பு பின்னால் உதவியது.

இப்போது கிட்டார் பக்கத்துக் கணக்கு. கழுத்தின் உச்சியில், கம்பிகள் காடிகளில் தங்கிப் போகும் சிறு துண்டுக்கு நட் என்று பெயர். கீழே அவை வந்து உட்காரும் இடம் பிரிட்ஜ். இரண்டுக்கும் நடுவே அதிரும் கம்பியின் நீளம்தான் ஸ்கேல் நீளம். கழுத்தின் குறுக்கே வரிசையாகப் பதித்த உலோகப் பட்டைகள் ஃப்ரெட்டுகள். நட்டிலிருந்து 12வது ஃப்ரெட்வரை அளந்து இரண்டால் பெருக்கினால் கிடைத்துவிடும். அக்காவிடம் வீணையின் மெட்டுகளை நினைவுபடுத்தினேன்: மேலே போகப் போக மெட்டுகள் நெருங்கும் இல்லையா, இங்கும் அதே விகிதம்தான். ஸ்கேல் குறைந்தால் எல்லா இடைவெளியும் அதே விகிதத்தில் சுருங்கும்.

ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டார்களின் ஸ்கேல் 25.5 அங்குலம், அதாவது 648 மி.மீ. அதில் முதல் ஃப்ரெட்டிலிருந்து நான்காவது ஃப்ரெட்வரை உள்ள தூரம் 97 மி.மீ. லெஸ் பால் வகையில் 24.75 அங்குலம், அந்தத் தூரம் 94 மி.மீ. முஸ்டாங் வகையில் 24 அங்குலம், 91.5 மி.மீ. ஐபனீஸின் மைக்ரோ வரிசையில் 22.2 அங்குலம், 85 மி.மீ.

அக்காவின் எண் 90 முதல் 95. முழு அளவுக் கிட்டாரில் அவள் ஒவ்வொரு முறையும் எல்லைக்கு வெளியே கை நீட்ட வேண்டியிருந்தது. அவளுக்குத் திறமை இல்லை என்று நாங்கள் இருவரும் நினைத்துக்கொண்டிருந்த இடத்தில் இரண்டு மில்லிமீட்டர்தான் குறைந்தது.

“அப்போ சின்னப் பிள்ளைங்க கிட்டாரா வாங்கணும்?” என்று கேட்டாள். குரலில் கொஞ்சம் வருத்தம். இந்த வருத்தம் தேவையே இல்லை. குட்டை ஸ்கேல் மாணவர்களுக்காகத் தொடங்கியது உண்மைதான்: ஃபெண்டர் 1956இல் மியூசிக்மாஸ்டர், டியோ-சோனிக் என்ற இரண்டை 22.5 அங்குலத்தில் கொண்டுவந்தது. 1964இல் முஸ்டாங் வந்தது. ஆனால் இடையில் 1962இல் அதே நிறுவனம் தன் உயர்விலைக் கிட்டாராக இறக்கிய ஜாகுவாரும் 24 அங்குலம்தான். பீட்டில்ஸின் ஜான் லெனன் தொடக்க காலத்தில் தோளில் மாட்டியிருந்த ரிக்கன்பேக்கர் 325இன் ஸ்கேல் 20.75 அங்குலம். இதைச் சொன்னதும் அக்கா, “லெனனுக்கே போதும்னா எனக்குப் போதும்,” என்றாள். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

கேப்போ சோதனை

கடைக்குப் போகும் முன் காசில்லாமல் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. இந்த நிகழ்வில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது 25.5 அங்குலக் கிட்டார். கேப்போ என்பது எல்லாக் கம்பிகளையும் ஒரு ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி. அதை முதல் ஃப்ரெட்டில் மாட்டினால் மிஞ்சும் கம்பி நீளம் 24.07 அங்குலம். கிட்டத்தட்ட அச்சு அசலாக ஒரு முஸ்டாங். இரண்டாவது ஃப்ரெட்டில் மாட்டினால் 22.72 அங்குலம், ஃபெண்டரின் மலிவுப் பிரிவான ஸ்குவையரின் மினி ஸ்ட்ராட் 22.75. தற்செயல்தான், ஆனால் நமக்கு வசதியான தற்செயல். கேப்போ மாட்டினால் சுருதி ஏறிவிடும் என்பதால், முதலில் எல்லாக் கம்பியையும் அரைச் சுரம் (இரண்டாவது ஃப்ரெட் என்றால் ஒரு முழுச் சுரம்) இறக்கிவிட்டு மாட்ட வேண்டும். இப்படிச் செய்தால் கம்பியின் இழுப்பும் அந்தக் குட்டைக் கிட்டாரில் இருப்பதைப் போலவே வந்துவிடும். இறக்காமல் மாட்டினால் நீளம் மட்டும்தான் குறையும், இறுக்கம் குறையாது. அது பாதிச் சோதனை.

மூன்று நிலையிலும் அக்காவை ஒரே மூன்று காரியங்களைச் செய்யச் சொன்னேன். ஒன்று, நான்கு விரலையும் அடுத்தடுத்த நான்கு ஃப்ரெட்டில் வைத்து ஆறு கம்பிகளிலும் ஏறி இறங்குவது. அப்புறம் சி கார்டிலிருந்து (கார்ட் என்றால் சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) ஜி கார்டுக்கு மாறுவது. கடைசியில் நான்கு கம்பியில் மட்டும் பிடிக்கும் சின்ன எஃப் கார்ட்.

கேப்போ இல்லாமல் சுண்டுவிரல் ஒவ்வொரு முறையும் ஃப்ரெட்டுக்குச் சற்று முன்னாலேயே நின்றது. முதல் ஃப்ரெட்டில் மாட்டியதும் தொட்டுவிட்டது. கொஞ்சம் இழுத்துப் பிடித்துத்தான், ஆனாலும் தொட்டது. இரண்டாவதில் மாட்டியபோது சுலபம். ஆனால் அங்கே வேறொன்று நடந்தது. ஏ கார்டில் மூன்று விரலும் ஒரே ஃப்ரெட்டுக்குள் நிற்க வேண்டும். அவளுடைய விரல்கள் தடித்தவை ஆதலால் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, நடுக்கம்பி ஒலிக்காமல் போனது. கம்பிகளும் ரொம்பத் தளர்ந்திருந்தன. வீணைக்காரியின் காது சும்மா இருக்குமா? “சுருதி ஆடுதுடா,” என்றாள். நான் சுருதி காட்டும் டியூனரைப் பார்க்கும் முன்பே.

ஆக 24 அங்குலம். ஒருவேளை 22.75கூடச் சரிப்படலாம், 25.5 வேண்டவே வேண்டாம். கடைக்குப் போகும்போது எங்களிடம் இருந்தது இந்த ஒற்றை வரி. நூறு கிட்டார்கள் தொங்கும் சுவருக்கு முன்னால் அது பெரிய பலம்.

நீளம் வேறு, இறுக்கம் வேறு

இணையத்திலும் கடைகளிலும் பலர் குழப்பிக்கொள்ளும் ஒரு விஷயத்தை இங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன். ஸ்கேல் குறையும்போது இரண்டு மாற்றங்கள் சேர்ந்தே வருகின்றன. விரல் எட்ட வேண்டிய தூரம் குறைகிறது. அதே கம்பி, அதே சுருதிக்குத் தேவைப்படும் இழுப்பும் குறைகிறது. இழுப்பு நீளத்தின் வர்க்கத்தைப் பின்பற்றும். 25.5இலிருந்து 24.75க்கு வந்தால் 6 விழுக்காடு தளர்வு, 24க்கு வந்தால் 11 விழுக்காடு, 22.2க்கு வந்தால் 24 விழுக்காடு.

தளர்வு பிடிக்கவில்லை என்றால் 12 வெள்ளி கொடுத்துத் தடித்த கம்பி வாங்கி மாட்டிக்கொள்ளலாம். 24 அங்குலத்தில் 10 எண் கம்பி போட்டால், 25.5இல் 9 எண் போட்டதைவிட முதல் கம்பியில் 9 விழுக்காடு கூடுதல் இறுக்கமே வந்துவிடுகிறது. எட்டும் தூரத்தை அப்படி எந்தக் கம்பியாலும் குறைக்க முடியாது. ஆகவே கிட்டாரைத் தேர்ந்தெடுக்கும்போது தூரத்தை மட்டும் பார்ப்பது, இறுக்கத்தைக் கம்பிக்கு விட்டுவிடுவது. அக்காவுக்கு நான் சொன்ன கணக்கு இதுதான். இன்றும் இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இந்தக் கணக்கு சொல்லாமல் விட்ட ஒன்று பின்னால் வந்து கடித்தது. அது தனிக் கதை.

கடைகளில்

ஜூன் விடுமுறையில் ஒரு வார நாள். சிட்டி ஹாலில் இறங்கி முதலில் பெனின்சுலா ஷாப்பிங் சென்டர், பிறகு நடந்தே பிராஸ் பாசா. வார இறுதியில் போகாதீர்கள். பக்கத்தில் ஒரு பையன் முழு ஒலியில் மெட்டல் வாசித்துக்கொண்டிருக்க, புதிதாகக் கற்க வந்த பெண்மணி எதைக் கேட்பது?

லெஸ் பால் வகை ஒன்றை மடியில் வைத்ததும் அக்கா திருப்பிக் கொடுத்துவிட்டாள். எடை. நாள் முழுக்கக் குழந்தைகளைத் தூக்கும் தோள் அது. இன்னொரு நாலு கிலோவுக்கு அங்கே இடமில்லை. 22.2 அங்குலக் கிட்டார் ஒன்று இரண்டு கொம்புகளும் கூராக நீட்டிக்கொண்டு நின்றது. “இது என்னடா, முட்ட வர்ற மாதிரி இருக்கு,” என்றாள். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு நான் அதைத் தயங்காமல் சொல்வேன். அக்காவின் விரல் தடிமனுக்கு அது ஒத்துவராது என்பது கேப்போவிலேயே தெரிந்துவிட்டது. ஸ்குவையர் சோனிக் முஸ்டாங் ஒன்றைக் கையில் எடுத்தபோது முகம் மாறியது. 24 அங்குலம், எடை குறைவு, பிரிட்ஜ் அசையாத வகை.

கடைசியாகச் சொன்ன அசையாத பிரிட்ஜ் முக்கியம். மலிவுக் கிட்டார்களில் இழுத்து ஆட்டும் கைப்பிடியோடு வரும் ட்ரெமலோ பிரிட்ஜ் அழகாக இருக்கும், ஆனால் ஒரு கம்பியைச் சுருதி சேர்த்தால் மற்ற ஐந்தும் கொஞ்சம் நகரும். புதிதாகக் கற்பவருக்கு அதைவிடக் கொடுமை கிடையாது.

பிக்கப்பில் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) ஹம்பக்கர் வகை வேண்டும் என்றேன். காரணம் வீடு. ஒற்றைச் சுருள் பிக்கப் சுற்றியுள்ள மின்காந்த இரைச்சலை எல்லாம் வாங்கி ஒலிக்கும். அடுக்குமாடி வீட்டில் ஒரே அறைக்குள் எல்இடி விளக்கு, வைஃபை பெட்டி, கணினித் திரை, விசிறிக் கட்டுப்பாடு எல்லாம் இருக்கின்றன. ஹம்பக்கரில் இரண்டு சுருள்களை எதிரெதிராகச் சுற்றி, இரைச்சல் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். ஹெட்ஃபோனில் மட்டுமே வாசிக்கப்போகிறவருக்கு இந்த வித்தியாசம் காதுக்குள்ளேயே கேட்கும்.

ஹெட்ஃபோன் ஏன் என்றால், அத்தான். காலை எட்டு மணிக்கு வந்து படுப்பவர், மாலை நாலு வரை எழமாட்டார். அக்கா பள்ளியிலிருந்து திரும்பும் நேரத்தில் அவர் உறக்கத்தில். அவர் வேலைக்குக் கிளம்பும் நேரத்துக்குப் பிறகு அக்கம்பக்கத்தார் உறக்கத்தில். ஒலிபெருக்கும் ஆம்ப் வாங்கி என்ன பயன்? கிட்டாரின் துளையில் நேரடியாகச் செருகும் தீப்பெட்டி அளவு ஹெட்ஃபோன் ஆம்ப் ஒன்றை 65 வெள்ளிக்கு அன்றே வாங்கினோம். கிட்டார் வாங்கும் முன்பே அதை வாங்கியதும் நல்லதாகப் போயிற்று.

வெளிநாட்டு இணையக் கடைகளில் விலை குறைவாகத் தெரியும். ஆனால் 2023 முதல் 400 வெள்ளிக்கு உட்பட்ட இறக்குமதிப் பொருளுக்கும் பொருள் சேவை வரி உண்டு. 2024 முதல் அது 9 விழுக்காடு. அனுப்பும் செலவையும் சேர்த்தால் மிச்சம் ஒன்றும் பெரிதாக இல்லை. அதைவிட, கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்கினால் நாங்கள் அளந்ததெல்லாம் வீண்.

காதிப் நிலையத்தில் 190 வெள்ளி

புதிதாகவே வாங்கியிருக்கலாம். 400 வெள்ளிக்குள் அடங்கியும் இருக்கும். ஆனால் ஹெட்ஃபோன் ஆம்ப், வார், கம்பி, செட்டப் (வாசிக்க வசதியாகச் சரிசெய்வது) என்று கணக்குப் போட்டபோது விளிம்பில் நின்றது. அக்கா சிக்கனக்காரி. கைமாற்றுச் செயலி ஒன்றில் ஒரு வாரம் தேடி, 24 அங்குலம், இரண்டு ஹம்பக்கர், அசையாத பிரிட்ஜ் என்ற மூன்றும் பொருந்தும் ஒன்றைக் கண்டுபிடித்தோம். எந்த நிறுவனத்துடையது என்பது இங்கே வேண்டாம். மலிவு வகையில் பல பெயர்களில் இதே கிட்டார்தான் வருகிறது. விலை 190 வெள்ளி. சந்திப்பு காதிப் எம்ஆர்டி நிலையத்துக்கு வெளியே.

விற்றவர் தேசிய சேவையில் இருக்கும் இளைஞர், நல்ல பையன். நான் கழுத்தைக் கண்ணோரமாக வைத்து நீளவாக்கில் பார்த்தேன், முறுக்கு இல்லை. ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்தினேன், எங்கும் உறுமவில்லை. ஹெட்ஃபோன் ஆம்பைச் செருகி இரண்டு பிக்கப்பையும், குமிழ்களையும் சோதித்தேன், கரகரப்பு இல்லை. நிலைய வாசலில் நின்று எலெக்ட்ரிக் கிட்டாரைச் சோதிக்கும் வசதி இருபது வருடத்துக்கு முன் எனக்குக் கிடைக்கவில்லை. கடைசியாகக் கைபேசி டியூனரில் திறந்த கம்பிகளைச் சுருதி சேர்த்து, 12வது ஃப்ரெட்டிலும் பார்த்தேன். இரண்டும் கச்சிதம். காசைக் கொடுத்துவிட்டோம்.

முதல் ஃப்ரெட்டை டியூனரில் பார்க்கவே இல்லை. என் தவறு.

புளித்த எஃப்

இரண்டாம் நாளே போன். “தம்பி, திறந்த கம்பி எல்லாம் சரியா இருக்கு. சி கார்ட் பிடிச்சா புளிக்குது. எஃப் பிடிச்சா ரொம்பப் புளிக்குது.”

புளிக்குது என்ற சொல்லை எந்தக் கிட்டார்க்காரனும் சொல்லிக் கேட்டதில்லை; ஆனால் அதைவிடச் சரியான சொல்லும் இல்லை.

நான் முதலில் சந்தேகப்பட்டது அவளை. வீணையில் மெட்டின் மேல் கம்பியை அழுத்தி இழுத்துத்தானே கமகம் வரும்? அந்தப் பழக்கம் விரலிலேயே இருக்கும், அழுத்தி அழுத்திச் சுருதியை ஏற்றுகிறாள் என்று முடிவு கட்டினேன். மருந்தும் தயாராக இருந்தது: கிட்டாரில் இருந்தது 9 எண் கம்பி, 10 எண் போட்டால் அதே பலத்தில் அழுத்தினாலும் கம்பி குறைவாக வளையும், சுருதி ஆடாது. மேலே விளக்கிய என் கணக்கும் அதையேதானே சொன்னது? 10 எண் வாங்கி மாட்டினேன்.

எஃப் இன்னும் மோசமானது.

அரை மணி நேரம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் டியூனரை எடுத்துவைத்து, முறையாக அளந்தேன். முதல் ஃப்ரெட்டில் நானே மெல்லத் தொட்டு வாசித்தபோது சுருதி 18 சென்ட் ஏறியிருந்தது (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). அக்கா தொட்டால் 30. ஐந்தாவது ஃப்ரெட்டில் எனக்கு 4. பன்னிரண்டில் சுழி. ஆக, அக்காவின் அழுத்தத்தால் வந்தது 12 சென்ட். மீதி 18, யார் தொட்டாலும் வருவது. அது கிட்டாரின் குற்றம். மேலே போகப் போகக் குறைகிறது என்றால் குற்றம் நட்டில்தான் இருக்க முடியும்.

நட்டில் உள்ள காடிகள் போதிய ஆழம் வெட்டப்படவில்லை. அதனால் கம்பி அங்கே உயரமாக நிற்கிறது. முதல் ஃப்ரெட்டில் அழுத்தும்போது அந்த உயரத்திலிருந்து கீழே இழுபட வேண்டும், இழுபட்டால் நீளும், நீண்டால் சுருதி ஏறும். 12வது ஃப்ரெட் நட்டுக்கு வெகுதூரம் ஆதலால் அங்கே தெரியாது. சோதிப்பது சுலபம்: மூன்றாவது ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். ஒரு தாள் நுழையும் அளவு இருந்தால் போதும். இதில் என் பெயரட்டை தாராளமாக நுழைந்தது. காதிப்பில் பத்து வினாடியில் பார்த்திருக்கலாம்.

10 எண் போட்டதும் மோசமானதற்கும் இதுவே காரணம். 9 எண்ணுக்காக வெட்டிய குறுகலான காடியில் தடித்த கம்பி அடிவரை இறங்காமல் இன்னும் மேலே உட்கார்ந்துகொண்டது.

என் கணக்கு சொல்லாமல் விட்டது இதைத்தான். கம்பியை ஒரே அளவு கீழே இழுத்தால், குட்டை ஸ்கேலில் சுருதி கூடுதலாக ஏறும். கம்பியின் நீளம் குறைவு, ஏற்கெனவே உள்ள இழுப்பும் குறைவு. ஆகவே அதே சிறு நீட்சி அங்கே பெரிய பங்காகிவிடுகிறது. முழு அளவுக் கிட்டாரில் மன்னித்துவிடக்கூடிய நட், 24 அங்குலத்தில் புளிக்கும். 22 அங்குலத்தில் காதைப் பொத்திக்கொள்ள வைக்கும். கம்பியைத் தடிப்பாக்குவதால் இது தீராது. அழுத்தும் விரலுக்குத்தான் அது மருந்து; நட் உயரத்துக்கு அரம் ஒன்றுதான்.

மலிவுக் கிட்டார்களில் நட் பெரும்பாலும் பாதுகாப்பாக உயரமாகவே வருகிறது. ஆழமாக வெட்டிவிட்டால் திறந்த கம்பி ஃப்ரெட்டில் உரசிப் பொருள் திரும்பி வந்துவிடும். உயரமாக விட்டால், புதிதாகக் கற்பவர் தன் கையைத்தான் குறை சொல்லிக்கொள்வார். இதில் எனக்குக் கோபமே உண்டு.

ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் கிட்டார் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொண்டுபோனோம். 70 வெள்ளி. நட்டின் ஆறு காடிகளையும் 10 எண் கம்பிக்கு ஏற்ற அகலத்தில் ராவி இறக்கினார். கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைக் கால் சுற்றுத் திருப்பினார். 17வது ஃப்ரெட்டில் கம்பி உயரத்தை 1.6 மி.மீ.க்குக் கொண்டுவந்தார். நாற்பது நிமிட வேலை. முதல் ஃப்ரெட்டில் இப்போது எனக்கு 4 சென்ட், அக்காவுக்கு 9. அவள் சி பிடித்தாள், எஃப் பிடித்தாள், ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி சி பிடித்தாள்.

மீதிக் கணக்கு

கிட்டார் 190, ஹெட்ஃபோன் ஆம்ப் 65, நட் வேலை 70, இரண்டு செட் கம்பி 24, தோள் வார் 12. மொத்தம் 361 வெள்ளி. மீதி 39 வெள்ளியை வைத்துக்கொண்டு என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை.

இரண்டாவது செட் கம்பி ஏன் என்றால், முதல் செட் ஐந்தே வாரத்தில் துருப்பிடித்துவிட்டது. அக்கா வீட்டில் கிட்டாரைச் சன்னலோரம் தொங்கவிட்டிருந்தாள். மழைக்காற்றும், சமைத்துவிட்டு வந்து வாசிக்கும் கையின் வியர்வையும் சேர்ந்தால் எந்தக் கம்பியும் தாங்காது. இப்போது வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் கம்பியின் மேலும் கீழும் துடைத்து, உறைக்குள் வைத்துவிடுகிறாள். குளிரூட்டிய அறையில் வைக்கட்டுமா என்று கேட்டாள். இரவு முழுக்கக் குளிரூட்டி, பகல் முழுக்க அணைத்து வைத்திருக்கும் அறையைவிட, எப்போதும் ஒரே மாதிரி இருக்கும் கூடத்து மூலையே கழுத்துக்கு நல்லது என்றேன்.

ஏழு மாதம் ஆகிறது. நாளுக்கு இருபது நிமிடம், பெரும்பாலும் மாலை மூன்றரைக்கு, அத்தான் எழுமுன். ஜி, சி, டி, ஏ-மைனர் தடையில்லாமல் மாறுகிறது. ஆறு கம்பி எஃப் இன்னும் வரவில்லை; நான்கு கம்பி எஃப் வந்துவிட்டது, அதுவே பல பழைய பாடல்களுக்குப் போதும். சுண்டுவிரல் நான்காவது ஃப்ரெட்டைத் தொட இப்போது பல்லைக் கடிக்க வேண்டியதில்லை.

போன வாரம் அவள் வீட்டுக்குப் போனபோது கூடத்து நாற்காலியில் அந்தப் பழைய அகூஸ்டிக் கிடந்தது. தூசி துடைத்து, அலமாரியிலிருந்து இறக்கி வைத்திருந்தாள். “விக்கப் போறியா?” என்று கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் கிட்டாரை மடியில் வைத்து, மூன்றாவது ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கு மேல் என் பெயரட்டையை நுழைத்துக் காட்டினாள். இரண்டாக மடித்த பெயரட்டை.

“இதுக்கும் நட்டு உயரம்டா,” என்றாள்.